ஏற்காட்டு மலையில் நாலு விதக் காப்பி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். பத்தாவது வளைவு தாண்டியதும் காற்று மாறுவது முகத்திலேயே தெரியும். "ஏழைகளின் ஊட்டி" என்று இந்த ஊரைச் சொல்வது வழக்கம். வருகிறவர்களில் பாதிப்பேர் காலையில் வந்து ஏரியில் படகு விட்டு, லேடீஸ் ஸீட்டிலிருந்து சேலம் நகரத்தைப் பார்த்து, பகோடா பாயிண்டில் போட்டோ எடுத்துக்கொண்டு, சாயங்காலம் இறங்கிவிடுகிறார்கள்.

ஆனால் ஏற்காட்டின் நிஜமான சொத்து சாலையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டே இருக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை. சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு அடியில், இடுப்பளவோ ஆளுயரமோ, பளபளவென்று கரும்பச்சை இலையோடு நிற்கிற செடிகளைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் காப்பிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்கிற ஆங்கிலேயர்தான் இந்தச் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட வழி செய்தவர். இரண்டு நூறு வருஷமாகக் காப்பி விளைகிற மண் என்று சொல்லலாம்.

தினம் விடிந்ததும் நாம் முதலில் தேடுவது எது? காப்பி! அந்தக் காப்பியை அது விளைகிற இடத்திலேயே, அடுப்பு மூட்டிப் போட்டுக் குடித்தால் எப்படி இருக்கும்? போன பொங்கல் லீவில் எங்கள் குடும்பம் அதைச் செய்து பார்த்தது. என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் மூலமாக, ஒரு சின்ன எஸ்டேட்டில் மூன்று நாள் தங்க அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு அறை. வெளியே மைதானம் மாதிரி சமதரை. அங்கே இரண்டு கூடாரம் அடித்துக்கொண்டோம். அறையில் என் மாமியாரும், நாத்தனாரும், நாத்தனார் பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாவது மாதம். டாக்டரிடம் கேட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் கூட்டிவந்தோம். மற்ற எல்லோரும் கூடாரத்தில்.

செடியிலிருந்து டப்பா வரைக்கும்

ஜனவரியில் போனது நல்லதாயிற்று. பழம் பறிக்கிற சமயம். செடியில் கொத்துக் கொத்தாகச் செக்கச்செவேலென்று பழங்கள். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டால் மேல் தோலுக்குள் கொஞ்சம் தித்திப்பு. உள்ளே கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு இரண்டு விதைகள், தட்டையான முகத்தோடு முகம் பார்த்தபடி. சில பழத்தில் இரண்டுக்குப் பதிலாக ஒற்றை விதை, உருண்டையாக இருக்கும். அதுதான் நாம் கடையில் "பீபெரி" என்று கேட்டு வாங்குவது! இத்தனை வருஷமாக வாங்குகிறேன், உருண்டை ஏன் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பறித்த பழத்தை மெஷினில் போட்டுத் தோலை நீக்குகிறார்கள். பிறகு ஒரு தொட்டியில் போட்டு, கொழகொழப்பு புளித்து விட்டுப் போகும்வரை வைத்து, அலசி, வெயிலில் காயவைக்கிறார்கள். இப்படிப் பக்குவம் செய்ததைத்தான் "பிளான்டேஷன்" என்கிறார்கள். பழத்தை அப்படியே முழுசாகக் காயப்போட்டு பிறகு தோலுரித்தால் அதற்கு "செர்ரி" என்று பேர். இந்த உயரத்தில் விளைவது பெரும்பாலும் அராபிகா. வாசனை அதில்தான் தூக்கல். தாழ்வான, வெப்பமான இடங்களில் விளையும் ரோபஸ்டாவில் கசப்பும் காஃபீனும் அதிகம்.

சிக்கரி என்பது காப்பியே அல்ல. அது வேறொரு செடியின் வேர். அதை வறுத்துப் பொடித்துச் சேர்ப்பதால் நிறமும் கெட்டியும் கிடைக்கும். காஃபீன் அதில் கிடையாது. காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டின் மேல் போட்டிருப்பார்கள். அடுத்த தடவை மளிகை வாங்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

நாலு பேர், நாலு வழி

எங்கள் குடும்பத்தில் காப்பி விஷயத்தில் ஒற்றுமை கிடையாது. மாமியார் தன் பித்தளை ஃபில்டரைத் துணியில் சுற்றி, ஊரிலிருந்தே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நாத்தனாருக்குத் துணியில் வடிகட்டின காப்பிதான் காப்பி. காலேஜில் படிக்கும் என் பையன், இத்தாலிக்காரர்கள் 1933-ல் கண்டுபிடித்த "மோக்கா பாட்" என்கிற அலுமினியக் கூஜாவைச் சிநேகிதனிடம் இரவல் வாங்கி வந்தான். என் வீட்டுக்காரரோ, "மலையில போய் என்ன ஃபில்டரும் மண்ணும்? ரெண்டு ஸ்பூன் இன்ஸ்டன்ட் போட்டுக் கலக்கினா முடிஞ்சது வேலை" என்று ஒரு பாட்டிலோடு நின்றார். மூன்று நாளும் நாலையும் போட்டுப் பார்த்தோம். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஃபில்டர். வீட்டில் நான் நாலு டம்ளர் காப்பிக்கு, மேல் அடுக்கில் நாலு குவித்த மேஜைக்கரண்டி பொடி போடுவேன். அது சுமார் 35 கிராம் வரும். குடை மாதிரி காம்பு வைத்த தட்டால் லேசாக ஒரு அமுக்கு. ரொம்ப அழுத்தினால் இறங்காது. கொதித்த தண்ணீர் கால் லிட்டர். பொடி தன் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். ஆகவே கீழே இறங்குவது 180 மில்லி அளவுதான். "விட்ட தண்ணி எங்கே போச்சு?" என்று புதுசாகக் கல்யாணமான பெண்கள் கேட்பார்கள். பொடியிலேதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்! கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்தில் கெட்டி டிகாக்ஷன் தயார்.

மலையில் முதல் நாள் காலை அதே அளவு, அதே பொடி. டிகாக்ஷன் இறங்க முக்கால் மணி ஆயிற்று. இறங்கினதும் ஆறிப்போயிருந்தது. மாமியாருக்கு முகமே சரியில்லை. "மலைத் தண்ணி சரியில்லே" என்றார். தண்ணீர்மேல் குற்றமே இல்லை. விடிகாலைக் குளிரில் பித்தளை ஐஸாக இருக்கிறது. ஊற்றின வென்னீரின் சூட்டை முதலில் பாத்திரமே பிடுங்கிக்கொள்கிறது. அத்தோடு பனி மூட்டத்தில் திறந்து வைத்த பொடி ஈரம் இழுத்துக் கட்டிகட்டியாகிவிட்டது.

மறுநாள் ஃபில்டரை முதலில் வென்னீரால் கழுவிச் சூடாக்கி, பொடி போட்டுத் தண்ணீர் விட்டு மூடி, வாயகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் வென்னீர் வைத்து அதற்குள் உட்காரவைத்தோம். மேலே ஒரு கம்பளித் துண்டு. இருபது நிமிஷத்தில் ஜம்மென்று இறங்கிவிட்டது!

கொதி வந்தால் போதுமா?

மலையில் இன்னொரு சங்கதி உண்டு. உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறையும். அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். சேலத்தில் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே தளதளக்கும். கொடைக்கானல், ஊட்டி என்றால் இன்னும் இரண்டு டிகிரி குறையும். பருப்பு வேகாமல் அழிச்சாட்டியம் செய்வது இதனால்தான். குக்கர் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

காப்பிக்கு இதனால் நஷ்டமில்லை, சொல்லப்போனால் லாபம்தான். பொடியிலிருந்து வாசனையும் ருசியும் நன்றாக இறங்குவதற்கு 91-லிருந்து 96 டிகிரி வரை உள்ள சூடு போதும் என்று காப்பி நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆகவே கீழே நம் ஊரில் கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிஷம் விட்டு ஊற்றினால் நல்லது. மலையில் கொதி வந்த கையோடு ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் போச்சு.

துணி வடிகட்டி

நாத்தனாரின் முறை ரொம்பச் சுலபம். பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை விட்டு இறக்கி, பொடியைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கி, தட்டு போட்டு மூடி ஐந்து நிமிஷம். பிறகு சுத்தமான மல் துணியில் வடித்துவிட வேண்டியது. எட்டு பேருக்கு ஒரே தடவையில் ஆகிவிடும். குளிர்காற்றிலும் சூடு போகாது. முதல் நாள் காலை ஃபில்டர் இறங்குவதற்கு முன்பே நாத்தனார் எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டார்!

ஆனால் துணியைப் பராமரிப்பதுதான் தலைவலி. சோப்புப் போட்டால் வாசனை ஒட்டிக்கொள்ளும். வென்னீரில் அலசி, பிழிந்து, வெயிலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மறுநாள் காப்பியில் ஒரு புளிப்பு நாற்றம் வரும். மலையில் மூடுபனி இருந்தால் துணி எங்கே காயும்? இரண்டு மூன்று துணியாக எடுத்துப் போவது உத்தமம்.

மோக்கா கூஜா

பையனுடைய கூஜாவில் கீழ்த்தட்டில் தண்ணீர், நடுவில் பொடி, மேலே காலி இடம். அடுப்பில் வைத்தால் ஆவியின் அழுத்தத்தில் தண்ணீர் பொடியைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. ஐந்து நிமிஷ வேலை. டிகாக்ஷன் நம் ஃபில்டர் மாதிரியே கெட்டி.

இதில் ஜாக்கிரதை தேவை. பக்கவாட்டில் குக்கர் மாதிரி ஒரு சின்ன வால்வு இருக்கும். தண்ணீர் அதற்குக் கீழேதான் நிற்க வேண்டும். பொடியை அமுக்கக்கூடாது. சிக்கரி கலந்த நைஸ் பொடி ஆகவே ஆகாது. சிக்கரி நனைந்தால் பிசுபிசுத்துத் துவாரத்தை அடைத்துக்கொள்ளும். ஆவிக்குப் போக வழியில்லாமல் போனால் ஆபத்து. சிக்கரி இல்லாத, கொஞ்சம் கொரகொரப்பான பொடிதான் இதற்கு. ஒரு தடவைக்கு மூன்று பேருக்குத்தான் வரும் என்பதால், எங்கள் கூட்டத்துக்கு மூன்று தடவை வைக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்டன்ட்

இன்ஸ்டன்ட் காப்பியைக் குறை சொல்ல மனமில்லை. 1938-ல் ஸ்விட்சர்லாந்தில் நெஸ்கஃபே விற்பனைக்கு வந்ததிலிருந்து உலகமெங்கும் பிரயாணிகளுக்குத் துணை அதுதான். வடிகட்டல் இல்லை, சக்கை இல்லை, கழுவுகிற வேலை இல்லை. பாட்டில் மூடியை மட்டும் உடனே இறுக்கி மூட வேண்டும். வாசனை ஃபில்டர் காப்பிக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் நடுராத்திரி குழந்தை எழுந்து அழுகிற வீட்டில், அரை நிமிஷத்தில் ஒரு வாய் சூடாகக் கிடைப்பதும் பெரிய விஷயம்தானே!

ஐந்தாவது விதம்: வரக்காப்பி

நாலு பேரும் நாலு விதமாகச் சண்டை போட்டதைப் பார்த்துச் சிரித்தவர் ஒருவர் உண்டு. எஸ்டேட் காவல்காரரின் மனைவி. அறுபது வயசிருக்கும். மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, காற்று வரும் பக்கம் நாலாவதாக ஒரு பலகைக் கல்லை நிறுத்தினார். பாத்திரத்தின் அடியில் வெளிப்பக்கமாகச் சாம்பலைக் குழைத்துப் பூசினார். கரி அதன்மேல்தான் பிடிக்கும், அலம்பும்போது சாம்பலோடு வந்துவிடும். தண்ணீரில் வெல்லத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பொடியைத் தூவி இறக்கி மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை பச்சைத் தண்ணீரை மேலே தெளித்தார். மிதந்த தூளெல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது! மேலாகச் சாய்த்து ஊற்றினார். வடிகட்டியே வேண்டாம். பால் இல்லாத வரக்காப்பி. குளிரில் அது உள்ளே இறங்கினதும் உடம்பே ஒரு தெளிவு.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தினசரிக்கு இந்த முறையை வைத்துக்கொள்ள வேண்டாம். வடிகட்டாமல் கொதிக்கவைத்த காப்பியில் இருக்கும் ஒருவித எண்ணெய்ப் பொருள் ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும். நார்வே நாட்டில் ட்ரொம்ஸோ என்ற ஊரில் செய்த ஆராய்ச்சியில் காப்பிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தம் இருப்பது 1983-ல் வெளிவந்தது. அங்கே காப்பியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் வழக்கம். காகித வடிகட்டி அந்த எண்ணெயைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். வீட்டில் கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் இருந்தால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போன இடத்தில் மூன்று நாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது.

குமுட்டி அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்

இரண்டாம் நாள் ராத்திரி நல்ல குளிர். வாயைத் திறந்தால் புகை வந்தது. அறையில் படுத்திருந்த நாத்தனார் பெண்ணுக்குக் கால் சில்லிட்டுவிட்டது என்று மாமியாருக்கு மனசு தாங்கவில்லை. வெளியே காப்பி போட்ட குமுட்டி அடுப்பில் கரி கனகனவென்று இருந்தது. "அதை எடுத்து உள்ளே ஒரு மூலையிலே வச்சு, கதவைச் சாத்திப் படுத்தா கதகதன்னு இருக்கும். விடிகாலையிலே அதிலேயே காப்பிக்குத் தண்ணி வச்சுடலாம்" என்றார்.

காவல்காரரின் மனைவி அடுப்புக்கு முன்னால் வந்து நின்றேவிட்டார். "வேண்டாங்கம்மா. கரியை வூட்டுக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தாதீங்க. அது தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோயிரும்."

மாமியாருக்குக் கோபம். "எங்க காலத்திலே பிரசவ அறையிலே கணப்பு போடலையா? நெருப்பு பக்கத்திலே இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "அத்தை, அந்தக் காலத்து வீட்டிலே ஓட்டுக் கூரை. சந்து சந்தாக் காத்து வரும். இது கான்கிரீட் ரூம். ஜன்னலுக்குக் கண்ணாடி. கதவைச் சாத்தினா காத்து போக வழியே கிடையாது."

சகோதரிகளே, இதைத் தயவுசெய்து லேசாக எண்ணிவிடாதீர்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் கரிக்காது. நம் ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், தூக்கம் தூக்கமாக வரும். தூங்கினவர்கள் எழுந்திருப்பதில்லை. கர்ப்பிணிக்கு என்றால் வயிற்றுக் குழந்தையையும் சேர்த்துப் பாதிக்கும். சுவர் உள்ள அறை மட்டுமல்ல, துணிக் கூடாரத்துக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. கரி அடுப்பு, விறகு, சின்ன கேஸ் ஸ்டவ் எதுவானாலும் வெளியிலேயே மூட்டி, வெளியிலேயே அணைக்க வேண்டும். "புகை இல்லையே, தணல்தானே" என்று ஏமாறக்கூடாது. தணலில்தான் அது தாராளமாக வருகிறது. அப்படி யாருக்காவது தலை சுற்றினால் முதலில் ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? வென்னீரைப் பாட்டிலில் நிரப்பித் துணி சுற்றி அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தோம். கம்பளி சாக்ஸ் மாட்டிவிட்டோம். மாமியார் அரைமனதாகப் படுத்தார். காலையில் அந்தப் பெண் நன்றாகத் தூங்கி எழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

காட்டில் தீ மூட்டுவதும் அப்படித்தான். வனத்துறை நிலத்தில் அடுப்பு மூட்ட அனுமதி கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போன இளம்பெண்களும் ஆண்களுமாக எத்தனை பேர் மாண்டுபோனார்கள்! நாங்கள் தங்கினது தனியார் இடம். கேட்டுக்கொண்டுதான் மூட்டினோம். அப்படியும் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு, சாம்பலைக் கிளறி, மறுபடி தண்ணீர் விட்டுத்தான் எழுந்தோம்.

மாத்திரையும் காப்பியும்

ஒரே இடத்தில் மூன்று நாள் கூட இருந்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். நாத்தனார் பெண்ணுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 கிராம்தான் இருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை என்று கணக்கு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார். தவறாமல் சாப்பிடுகிறாள் என்று நாத்தனார் சொன்னார். சாப்பிட்டாள்தான். ஆனால் எப்போது? காலை டிபன் ஆனதும் மாத்திரை, அதன் மேலேயே ஒரு டம்ளர் காப்பி! மாத்திரையின் நாற்றம் போவதற்காம். மாமியாரே ஆசையாக ஆற்றிக் கையில் கொடுத்தார்.

காப்பியிலும் டீயிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரை வயிற்றுக்குள் போயும் பாதி வீண். பாலும் கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு யோசனைகளில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காப்பி, டீ வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. அதே இடத்தில், 150 மில்லி ஃபில்டர் காப்பியில் 80-லிருந்து 120 மில்லிகிராம் வரை காஃபீன், இன்ஸ்டன்டில் 50-லிருந்து 65, டீயில் 30-லிருந்து 65 என்றும், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்றும் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு 200-க்குள் இருப்பது நல்லது என்பது பல டாக்டர்களின் யோசனை.

நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். காலையில் எழுந்ததும் ஒன்று, டிபனோடு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, விளக்கு வைத்ததும் ஒன்று. அஞ்சு டம்ளர்!

எடுத்த எடுப்பில் "காப்பியை நிறுத்து" என்று சொன்னால் அந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள், மாமியாரும் விடமாட்டார். பாசத்தை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துப் பழகிய கை அது. அதனால் தனியாகக் கூப்பிட்டு, "நேரத்தை மட்டும் மாத்திக்கோ, கண்ணு. காலையிலே எழுந்ததும் ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. மாத்திரையை மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போட்டுக்கோ. கூடவே எலுமிச்சம்பழ ஜூஸ் குடி. புளிப்பு இரும்பைச் சேர்க்கும். ஆனா மாத்திரை போட்ட அன்னிக்குச் சாயங்காலக் காப்பியை அஞ்சு மணிக்குத் தள்ளிக்கோ" என்றேன்.

"அம்மாயி கோவிச்சுக்குவாங்களே, அத்தை?" என்றாள்.

"அம்மாயிகிட்டே நான் சொல்லிக்கறேன்."

சொன்னேன். மாமியார் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான் கொடுத்த காப்பியா அவ ரத்தத்தைக் குடிச்சுது?" என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. "இல்லை அத்தை, காப்பி மேலே தப்பில்லே, மாத்திரையோடு சேர்ந்து போனதுதான்" என்று சமாதானம் சொன்னேன். மறுநாள் காலையில் ஃபில்டரில் தண்ணீர் விடும்போது அவரே ஒரு கரண்டிப் பொடியைக் குறைத்துப் போட்டதைப் பார்த்தேன்.

எடுத்துப் போக வேண்டியவை

மலைக்கோ, குலதெய்வம் கோயிலுக்கோ, எங்கே தங்கினாலும் உதவும் சில குறிப்புகள்:

பொடியை ஒரே டப்பாவில் கொண்டுபோக வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு சின்ன டப்பா என்று பிரித்து இறுக்கி மூடுங்கள். ஈரம் புகாது.

காப்பியைக் கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிவைத்தால் இரண்டு மணி நேரத்தில் ருசி கெடும். பால் சேர்ந்த எதையும் வெகுநேரம் வெதுவெதுப்பாக வைப்பது வயிற்றுக்கும் ஆகாது. ஃபிளாஸ்கில் வெறும் வென்னீர் மட்டும் கொண்டுபோங்கள்.

நீண்ட நாள் கெடாத பாக்கெட் பால் கிடைக்கிறது. பிரித்த பிறகு அது சாதாரணப் பால்தான். காய்ச்சி அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் தளதளவென்று கொதித்த பிறகே குடிக்க வேண்டும்.

பாலும் வெல்லமும் சேர்ந்து கொதித்தால் திரியும். வெல்லக் காப்பி வேண்டுமானால் பால் இல்லாமல் குடியுங்கள். அல்லது அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறினதும் கலக்குங்கள்.

ஃபில்டர் துவாரம் அடைத்துக்கொண்டால், எவர்சில்வரானால் காலி அடுக்கைக் கவிழ்த்துத் தணலில் ஒரு நிமிஷம் காட்டி, ஆறினதும் தட்டிக் கழுவலாம். உள்ளே வெள்ளீயம் பூசின பித்தளையை அப்படிக் காட்டக்கூடாது. பூச்சு உருகிவிடும். அதற்கு வென்னீரும் பிரஷும்தான்.

சக்கையைக் கண்ட இடத்தில் கொட்டாமல், ஆறினதும் செடியின் அடியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுங்கள்.

எந்தக் காப்பி ஜெயித்தது என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஃபில்டர்தான், அதில் மாற்றமில்லை. நாலு பேருக்கு மேல் வெளியிடத்தில் தங்கினால் துணி வடிகட்டி. அவசரத்துக்கு இன்ஸ்டன்ட். மூன்று பேர் மட்டும் போகிற சின்னக் குடும்பத்துக்குப் பையனுடைய கூஜா. மழைத் தூறலும் குளிரும் சேர்ந்த ஒரு சாயங்காலத்துக்கு, மூன்று கல் அடுப்பில் போட்ட வரக்காப்பிக்கு ஈடே கிடையாது.

ஊருக்கு வந்து ஆறு வாரம் கழித்து நாத்தனார் போன் செய்தார். பெண்ணுக்கு மறுபடி ரத்தம் பார்த்ததில் 10.4 வந்திருக்கிறதாம். கீரையும் பேரீச்சம்பழமும் மாத்திரையும் எல்லாமாகச் சேர்ந்துதான் ஏறியிருக்கும். என் மாமியாருக்கோ அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டென்று பெருமை. இப்போதெல்லாம் வீட்டுக்கு எந்தக் கர்ப்பிணிப் பெண் வந்தாலும், டபராவை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கிறார்: "மாத்திரை எப்போ போட்டே?"